நாய்க்கு அடிக்கடி பேதியா? புரோபயாடிக் டப்பா வாங்கும் முன் மலத்தைப் பரிசோதியுங்கள்

ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இதுதான். மூன்று வயது ஆண் லாப்ரடார், முப்பது கிலோ. இரண்டு மாதமாக வயிறு சரியில்லை. நாலைந்து நாள் மலம் ஒழுங்காகப் போகும், அப்புறம் கூழ் மாதிரி ஆகும், முடிவில் சளி போலக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு முறை மெட்ரானிடசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்று, மாத்திரை சாப்பிடும்வரை நின்றது, நிறுத்தியதும் திரும்பிவிட்டது. காலையில் பாக்கெட் உணவு, மதியம் தயிர்சாதம், இரவு கோழிச்சாதம். புரோபயாடிக் பவுடர், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் கிருமி கலந்த பவுடர், வாங்கலாமா, வாங்கினால் எது, வீட்டுத் தயிரே போதாதா?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். வாங்கலாம், பெரும்பாலான நாய்களுக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் உங்கள் பையனுக்கு இப்போது முதலில் வேண்டியது அதில்லை. இரண்டு மாதம் விட்டுவிட்டு வரும் பேதிக்கு ஏதோ ஒரு காரணம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது, அது என்னவென்று பார்க்காமல் நல்ல கிருமியை மேலே தூவிக்கொண்டிருந்தால் பணமும் போகும், நாயும் இளைக்கும். கிளினிக்கில் நான் அதிகம் பார்ப்பது இந்த வரிசை தலைகீழாகிப் போன நாய்களைத்தான். மாத்திரை, பவுடர், வேறு பவுடர், விலை கூடிய உணவு எல்லாம் முடிந்திருக்கும், ஒரே ஒரு மலப் பரிசோதனை மட்டும் செய்திருக்க மாட்டார்கள்.

முதலில் மலத்தைக் கவனியுங்கள். அருவருப்பு பார்க்காதீர்கள், மருத்துவருக்கு நீங்கள் தரும் தகவலில் இதைவிட மதிப்புள்ளது வேறில்லை. சிறுகுடலில் கோளாறு என்றால் ஒவ்வொரு முறையும் நிறையப் போகும், ஆனால் நாளைக்கு இரண்டு மூன்று முறைதான் போகும், அவசரம் இருக்காது, நாளாக ஆக எடை குறையும். பெருங்குடலில் கோளாறு என்றால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போகும், முக்கிக்கொண்டு நிற்பான், நடுராத்திரியில் கதவைப் பிறாண்டுவான், சளி வரும், சில சமயம் கடைசிச் சொட்டில் சிவப்பாக ரத்தம் தெரியும், எடை மட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் சளி, கடைசியில் வருவது எல்லாம் பெருங்குடல் பக்கம் கைகாட்டுகிறது. போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், தேதியோடு. அன்றைக்கு என்ன தின்றான் என்பதையும் எழுதுங்கள், தெருவில் பொறுக்கியது உட்பட.

அடுத்தது புழு. நம் ஊர் மண்ணும் வெயிலும் ஈரமும் கொக்கிப்புழுவுக்கு மிகவும் தோதானவை. அதன் இளம்புழு மண்ணிலிருந்து பாதத்தின் தோல் வழியாகக்கூட உள்ளே போகும், குட்டிகளுக்குத் தாய்ப்பாலிலேயே வந்துவிடும். வீட்டுக்குள்ளேயே வளர்கிறான், வெளியில் விடுவதே இல்லை என்று சொல்லும் வீட்டு நாய்க்கும் வரும், காலை நடைக்கு ஒரு மரத்தடி போதும். உருண்டைப்புழு, சாட்டைப்புழு இரண்டும் உண்டு. பெருங்குடலில் சளியும் ரத்தமுமாகப் போக வைப்பதில் சாட்டைப்புழு பேர்போனது, ஆனால் அது முட்டையை எல்லா நாளும் விடாது என்பதால் ஒரு முறை பார்த்துவிட்டு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ஜியார்டியாவும் அப்படித்தான். புழு இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, விட்டுவிட்டுத்தான் மலத்தில் வெளிவரும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று மாதிரி எடுத்துக் கொடுப்பது நல்லது, அல்லது ஜியார்டியாவுக்கென்று இருக்கும் கிட் பரிசோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

மாதிரி என்றால் ஒரு சின்ன டப்பாவில் அன்று காலை போன புது மலம், மண்ணில்லாமல், ஒரு ஸ்பூன் அளவு. உடனே கொண்டுபோக முடியாவிட்டால் மூடி இறுக்கி, வேறு கவரில் சுற்றி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் தனியாக வைக்கலாம். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், மற்ற ஊர்களில் பெரும்பாலான கிளினிக்குகளிலும் இதைப் பார்ப்பார்கள், செலவு நீங்கள் வாங்க நினைக்கும் பவுடரைவிடக் குறைவாகத்தான் இருக்கும். "போன மாதம்தான் பூச்சி மருந்து கொடுத்தோம்" என்று விட்டுவிடாதீர்கள். கடையில் வாங்கிக் கொடுக்கும் ஒரே டோஸ் மாத்திரை ஜியார்டியாவை ஒழிக்காது, எல்லா மாத்திரையும் சாட்டைப்புழுவையும் கொல்லாது. எந்த மருந்து, எத்தனை நாள் என்பது எது இருக்கிறது என்று தெரிந்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு.

இனி மெட்ரானிடசோல். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லப்போகிறேன், ஏனென்றால் நம் ஊரில் நாய்க்குப் பேதி என்றால் கை தானாகப் போவது இதன்மேல்தான், பலர் மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தாங்களே கொடுத்துவிடுகிறார்கள்.

நாயின் பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியா இருக்கிறது, அதில் பெப்டாசிட்டோபாக்டர் ஹிரானோனிஸ் என்று ஒன்று. சமீபம்வரை கிளாஸ்ட்ரிடியம் ஹிரானோனிஸ் என்று அழைத்தார்கள். கல்லீரல் கொழுப்பைச் செரிக்கப் பித்த அமிலத்தை அனுப்புகிறது இல்லையா, அதில் ஒரு பகுதி பெருங்குடல்வரை வரும், அதை இந்த பாக்டீரியா வேறு வடிவத்துக்கு மாற்றுகிறது. அப்படி மாறிய பித்த அமிலம் கெட்ட கிருமிகளை அங்கே தலைதூக்க விடாது. ஆரோக்கியமான நாயின் குடலில் நடக்கும் முக்கியமான காவல் வேலை இது. மெட்ரானிடசோல் கொடுத்தால் முதலில் அடிபடும் கூட்டத்தில் இதுவும் ஒன்று. அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் குடலியல் ஆய்வகம், யான் சுகோடோல்ஸ்கி என்பவர் குழு, இதை வருடக்கணக்காகப் பார்த்து வருகிறது. வயிற்றில் எந்தக் கோளாறும் இல்லாத நாய்களுக்கு இரண்டு வாரம் மெட்ரானிடசோல் கொடுத்துப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். மருந்தை நிறுத்தி நான்கு வாரம் கழித்தும் குடல் கிருமிகளின் அமைப்பு முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நன்றாக இருந்த நாய்களுக்கே அப்படி.

பிறகு ஏன் கொடுத்ததும் நிற்கிறது? ஒன்று, சாதாரணப் பேதி எதுவும் கொடுக்காவிட்டாலும் சில நாளில் தானாக நிற்கக்கூடியது, பெயர் மாத்திரைக்குப் போய்விடும். இரண்டு, ஜியார்டியா இருந்தால் இந்த மருந்து அதை ஓரளவு அடக்கும், ஒழிக்காமல் அடக்கும், அதனால்தான் திரும்ப வரும். உங்கள் பையனிடம் நடப்பது இந்த இரண்டாவது வகையாக இருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம், பரிசோதனைதான் சொல்ல வேண்டும். அளவு கூடினால் இந்த மருந்து நரம்பையும் பாதிக்கும், நாய் தள்ளாடும், தலை சாயும், கண்விழி தானாக ஆடும். ஆகவே மூன்றாவது முறை நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள்.

உங்கள் டாக்டரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் படித்தோம், பல வருடம் அதுதான் வழக்கம். இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பாவில் விலங்குகளுக்கான ஆன்டிபயாடிக் பயன்பாட்டைச் சீர்செய்வதற்கென்று ஈனோவாட் என்ற அமைப்பு இருக்கிறது, நாய்களின் திடீர்ப் பேதிக்கு 2024இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். லேசான, நடுத்தரமான பேதிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்ற பயம் வரும் அளவுக்கு நாய் மோசமாக இருந்தால் அது வேறு கதை.

சரி, புரோபயாடிக்குக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனமும் ஐநாவின் உணவு வேளாண் அமைப்பும் 2001இல் கொடுத்த விளக்கம் எளிமையானது: உயிரோடு இருக்கும் நுண்ணுயிர், போதுமான அளவில் கொடுத்தால், உடலுக்கு ஒரு நன்மை செய்ய வேண்டும். உயிரோடு, போதுமான அளவு, நிரூபிக்கப்பட்ட நன்மை. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது வெறும் பவுடர்தான். இன்னொன்றும் பலர் நினைப்பதற்கு மாறானது: இந்தக் கிருமிகள் உங்கள் நாயின் குடலில் குடியேறுவதில்லை. கொடுக்கும்வரை வேலை செய்யும், நிறுத்திய சில நாட்களில் பெரும்பாலும் வெளியேறிவிடும். ஒரு மாத கோர்ஸ் கொடுத்துவிட்டால் குடல் சீராகிவிடும் என்று விற்கிறவர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

வேலை செய்கிறதா என்றால், கொஞ்சம் செய்கிறது, சில இடங்களில். காரணம் தெரியாத திடீர்ப் பேதி வந்த நாய்களுக்கு பிஃபிடோபாக்டீரியம் அனிமாலிஸ் ஏஎச்சி7 என்ற வகையைக் கொடுத்த 2009ஆம் வருட ஆய்வில், மருந்து இல்லாத போலி டோஸ் கொடுத்த குழுவுக்குப் பேதி நிற்க 6.6 நாள் ஆனது, புரோபயாடிக் குழுவுக்கு 3.9 நாள். நல்ல வித்தியாசம். ஆனால் 2019இல் அறுபது நாய்களை மூன்று குழுவாகப் பிரித்து ஒரு குழுவுக்குப் புரோபயாடிக், ஒன்றுக்கு மெட்ரானிடசோல், ஒன்றுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தபோது, முறையே 3.5, 4.6, 4.8 நாளில் மலம் ஒழுங்கானது. புள்ளியியல்படி இந்த மூன்றுக்கும் உறுதியான வேறுபாடு இல்லை. மெட்ரானிடசோலும் வெறும் மாத்திரையும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன பாருங்கள். அதே 2019இல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து அலசிய ஒரு கட்டுரை, திடீர்ப் பேதியில் புரோபயாடிக்கின் பலன் மிகக் குறைவு, நாள்பட்ட பேதியில் உணவை மாற்றுவதுதான் சிகிச்சையின் மையம் என்று முடித்தது. நாள்பட்ட குடல் அழற்சியில் நம்பிக்கை தருவது 2014இல் வந்த ஓர் இத்தாலிய ஆய்வு. இருபது நாய்கள்தான், எட்டு வகைக் கிருமிகள் சேர்ந்த ஒரு கலவையை அறுபது நாள் கொடுத்தார்கள், ஸ்டீராய்டும் மெட்ரானிடசோலும் வாங்கிய குழுவைப் போலவே இந்தக் குழுவும் தேறியது. ஆனால் அவர்கள் கொடுத்த அளவைக் கவனியுங்கள்: பத்து கிலோ எடைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 11,200 கோடி கிருமி. நாய்களுக்கென்று விற்கும் பிரபலமான ஃபோர்ட்டிஃப்ளோரா பாக்கெட் ஒன்றில் உத்தரவாதம் தருவது 10 கோடி. இரண்டையும் "புரோபயாடிக்" என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம் என்பதுதான் இந்த விஷயத்தில் மக்கள் குழம்புவதற்கு முக்கியக் காரணம். 10 கோடி வீண் என்று சொல்லவில்லை, அதிலிருக்கும் என்டரோகாக்கஸ் ஃபேசியம் எஸ்எஃப்68 நாய்களிலும் பூனைகளிலும் நிறையப் பரிசோதிக்கப்பட்ட வகை, வேறு அளவில் வேறு நோக்கத்துக்கு. ஜியார்டியாவுக்கு மட்டும் அது தனியாக உதவவில்லை என்பதும் ஆய்வில் தெரிந்ததுதான்.

வாங்குவது என்று முடிவு செய்தால் டப்பாவின் பின்பக்கத்தை முதலில் படியுங்கள். கிருமியின் முழுப் பெயரும் அதற்குப் பின்னால் வரும் எழுத்தும் எண்ணும் இருக்க வேண்டும். எஸ்எஃப்68, ஏஎச்சி7 என்பது போன்றவை. "லாக்டோபேசில்லஸ் கலவை" என்று மட்டும் போட்டிருந்தால் வேண்டாம், ஒரே இனத்தில் ஒரு வகை செய்யும் வேலையை இன்னொன்று செய்யும் என்று சொல்ல முடியாது. அடுத்து எண்ணிக்கை, அதுவும் காலாவதி தேதிவரை இவ்வளவு உயிரோடு இருக்கும் என்ற உத்தரவாதம். தயாரித்த அன்று இருந்த கணக்கு நமக்கு எதற்கு? கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் வீஸ் 2011இல் கடையில் விற்ற 25 தயாரிப்புகளை எடுத்துப் பரிசோதித்தார், லேபிளும் ஒழுங்காக இருந்து உள்ளே சொன்ன அளவும் இருந்தவை இரண்டே இரண்டு. அது அங்கே, குளிர் நாட்டில். நம் ஊரில் மே மாதம் ஒரு பார்சல் டெம்போவுக்குள் இரண்டு நாள் கிடந்து வருகிறது, இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஏசி இருக்கும் கடையில் வாங்குங்கள், பெரிய டப்பாவைவிடத் தனித்தனிப் பாக்கெட் நல்லது, திறந்து திறந்து மூடும்போது ஈரம் ஏறினால் கிருமி சாகும். சுடச்சுடச் சோற்றில் கலக்காதீர்கள், ஆறிய பிறகு மேலே தூவுங்கள்.

நம் ஊர் டாக்டர்கள் மனிதர்களுக்கான பாசில்லஸ் கிளாசி என்ற புரோபயாடிக் குப்பியை எழுதிக் கொடுப்பதும் உண்டு. அது தவறில்லை. அந்த 5 மில்லி குப்பியில் 200 கோடி வித்து, அதாவது உறங்கும் நிலையில் இருக்கும் பாக்டீரியா, இருக்கிறது, வித்து நிலையில் இருப்பதால் வயிற்று அமிலத்தையும் வெயிலையும் தாங்கும், பல ஆன்டிபயாடிக்குகளையும்கூட. இன்னொன்று சாக்கரோமைசஸ் பௌலார்டி, இது ஈஸ்ட், அதனால் ஆன்டிபயாடிக் இதைக் கொல்லாது, ஆன்டிபயாடிக் கட்டாயம் வேண்டிய நாய்க்குக் கூடவே கொடுக்க நல்ல தேர்வு. ஆனால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருக்கும் நாய்க்கோ, மிகவும் தளர்ந்து கிடக்கும் நாய்க்கோ இதை டாக்டரிடம் கேட்காமல் கொடுக்கக் கூடாது. பாக்டீரியா வகையை ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுப்பதென்றால் இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். மனிதர்களுக்கான சப்பி மாத்திரை, சர்க்கரையில்லாத வகை எதையும் கொடுக்காதீர்கள், அதில் சைலிட்டால் இருந்தால் நாய்க்கு அது விஷம், சர்க்கரை அளவு சட்டென்று விழும், கல்லீரலும் போகும்.

தயிர் போதாதா? தயிர் நல்ல உணவு. உங்கள் பையனுக்குப் பிடித்திருந்தால், சாப்பிட்டு வயிறு கெடாமல் இருந்தால், இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் கொடுங்கள், ஒரு கவலையும் இல்லை. ஆனால் அதைப் புரோபயாடிக் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். வீட்டு உறைமோரில் எந்தக் கிருமி எவ்வளவு இருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு, நாளுக்கு நாள் மாறும், அது நாயின் பேதியை நிறுத்தும் என்று காட்டிய வகையும் இல்லை. வளர்ந்த நாய்களில் பலவற்றுக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. தயிரில் அந்தச் சர்க்கரை பாலைவிடக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. மதியம் முழுத் தட்டு தயிர்சாதம் வாங்குகிற நாய்க்கு அதுவே பேதியைத் தொடரவைக்கலாம். அதோடு, நம் வீட்டுத் தயிர்சாதத்தில் தாளிப்பு இருக்கும், சில வீடுகளில் சின்ன வெங்காயம் இருக்கும், வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். பேதி நிற்கும்வரை தயிரை முழுதாக நிறுத்திப் பாருங்கள், மூன்று வாரம். அதுவே ஒரு நல்ல சோதனை.

தயிர் பற்றி இன்னொன்று, இதைத் தயவுசெய்து மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு டாக்ஸிசைக்ளின் நாலு வாரம் கொடுப்போம், அது பல நாய்களுக்கு வயிற்றைப் புரட்டும், வாந்தி வரும். வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று மாத்திரையைத் தயிர்சாதத்தில் உருட்டிக் கொடுக்கிறார்கள். தயிரில் இருக்கும் கால்சியம் அந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு உடலுக்குள் சேரவிடாமல் குறைக்கும். காய்ச்சல் சரியாக அடங்காமல் போவதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது. மாத்திரையைக் கோழிச்சாதத்தில் வைத்துக் கொடுங்கள், மேலே கொஞ்சம் தண்ணீர் குடிக்க வையுங்கள், உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும். தயிர் வேண்டுமென்றால் வேறு வேளைக்கு.

இந்த இடத்தில் சிலர் "நாய் ஓநாய் வம்சம், அதற்குச் சோறே ஆகாது, பச்சை இறைச்சிதான் கொடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் ஓநாய்களின் மரபணுவையும் நாய்களின் மரபணுவையும் ஒப்பிட்டார்கள், மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான், நாய்களிடம் அதைவிட எத்தனையோ மடங்கு. மனிதனோடு வாழத் தொடங்கியதில் வந்த மாற்றம் அது. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சோறும் கூழும் தின்று வளர்ந்தவை. குழைய வெந்த சோறு உங்கள் லாப்ரடாருக்கும் பிரச்சினை இல்லை, சோறு மட்டும் என்றால்தான் புரதம் போதாது. பச்சைக் கோழிக்கழிவு கொடுப்பதில் சால்மோனெல்லா வரும் ஆபத்து உண்டு, நாய்க்கு மட்டுமில்லை, அதன் தட்டைக் கழுவும் உங்களுக்கும்.

பெருங்குடல் பேதிக்கு நான் புரோபயாடிக்குக்கு முன்னால் எடுப்பது நார்ச்சத்து. விலையும் குறைவு, எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கும்: இசப்கோல் உமி. பெருங்குடலில் உள்ள கிருமிகள் நார்ச்சத்தை நொதிக்க வைத்துக் குடல் சுவரின் செல்களுக்கு உணவாகும் சிறு கொழுப்பு அமிலங்களைத் தயாரிக்கின்றன; நல்ல கிருமியை வெளியிலிருந்து வாங்கிக் கொடுப்பதைவிட உள்ளே இருப்பதற்குச் சாப்பாடு போடுவது பல நேரம் மேல். காரணம் கண்டுபிடிக்க முடியாத நாள்பட்ட பெருங்குடல் பேதி நாய்களுக்கு எளிதில் செரிக்கும் உணவோடு இசப்கோல் சேர்த்துக் கொடுத்து நல்ல பலன் கண்ட ஆய்வு 2000ஆம் வருடத்திலேயே வந்துவிட்டது. உங்கள் பையன் எடைக்கு ஒரு டீஸ்பூனில் தொடங்குங்கள், தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, சாப்பாட்டில் கலந்து, நாளைக்கு இரண்டு வேளை. ஒரு வாரத்தில் மெல்லக் கூட்டலாம். சுவையில்லாத, சர்க்கரை சேர்க்காத வகையாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். பரங்கிக்காயை உப்பில்லாமல் வேகவைத்து மசித்து இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் கொடுப்பதும் நல்லதே.

உணவைப் பொறுத்தவரை, மூன்று வேளைக்கு மூன்று விதமாக ஓடிக்கொண்டிருக்கும் வரை எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது. நாள்பட்ட பேதி உள்ள நாய்களில் பாதிக்கு மேல் உணவை மட்டும் மாற்றினாலே தேறிவிடுகின்றன, அதுவும் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள். ஒரே உணவு, இதுவரை தின்னாத புரதமாக இருந்தால் நல்லது, கோழியே தின்று வளர்ந்தவனுக்கு மீனோ ஆட்டிறைச்சியோ, அல்லது டாக்டர் தரும் புரதம் உடைத்த சிகிச்சை உணவு. அந்த நாட்களில் பிஸ்கட் இல்லை, எலும்பு இல்லை, பாட்டி கைமாற்றிக் கொடுக்கும் தோசைத்துண்டு இல்லை. இங்கேதான் புரோபயாடிக்கே குறுக்கே வரும்: நாய்களுக்கான பவுடர்களில் பலவற்றில் சுவைக்காகக் கோழி, கல்லீரல் சாறு சேர்த்திருப்பார்கள், அதைத் தூவினால் உணவுச் சோதனை மொத்தமும் கெட்டது. அதனால் சோதனை நடக்கும்போது சுவையூட்டாத குப்பியோ காப்ஸ்யூலோ மட்டும். பழைய உணவிலிருந்து புதியதற்கு ஒரே நாளில் தாவாமல் ஏழு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

நடைக்குப் போகும்போது எதையும் பொறுக்க விடாதீர்கள் என்று சொல்வது எளிது, லாப்ரடாரிடம் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். கேம்பிரிட்ஜில் எலினர் ராஃபன் குழு 2016இல் கண்டுபிடித்தார்கள், லாப்ரடார்களில் ஏறத்தாழ கால்வாசிக்கு பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை, அவற்றுக்கு வயிறு நிறைந்த உணர்வு சரியாக வருவதில்லை. அவன் அடங்காதவன் என்று அடிக்காதீர்கள். குப்பைத்தொட்டி இல்லாத தெருவாகப் பாருங்கள், தேவைப்பட்டால் கூடைபோன்ற வாய்மூடி போடுங்கள், மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடும் வகை.

மலம் சுத்தமாக இருந்து, உணவையும் மாற்றி, நார்ச்சத்தும் கொடுத்து, அப்படியும் நிற்கவில்லை என்றால் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். வைட்டமின் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள், சிறுகுடல் பாதித்த நாய்களில் இது குறையும், குறைந்திருப்பதைச் சரிசெய்யாமல் வேறு எந்த மருந்தும் முழுதாக வேலை செய்யாது. கணையம் செரிமான நொதியைச் சுரக்காத நோய் ஒன்று இருக்கிறது, ஜெர்மன் ஷெப்பர்டுகளில் அதிகம். பறந்து பறந்து தின்னும், ஆனாலும் எலும்பும் தோலுமாகும், வெளிறிய மலம் குவியலாகப் போகும். அப்படி ஒரு நாய்க்கு எவ்வளவு புரோபயாடிக் கொடுத்தாலும் தேறாது, நொதிப் பவுடரை உணவில் கலந்தால் தேறிவிடும்.

எதற்கும் காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. பேதியோடு வாந்தியும் சேர்ந்து தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை என்றால், ஈறு வெளுத்திருந்தால், மலம் தார் மாதிரி கறுப்பாக இருந்தால், ரத்தமாகவே போனால், நாய் எழுந்து வராமல் சுருண்டு கிடந்தால், அன்றைக்கே கொண்டுபோங்கள், இரவானாலும். குட்டி என்றால் ஒரு வேளைகூடப் பொறுக்காதீர்கள். தடுப்பூசி முடியாத குட்டிக்கு வாந்தி, நாற்றமடிக்கும் ரத்தப் பேதி என்றால் முதலில் பார்வோ வைரஸைத்தான் சந்தேகிக்க வேண்டும், அதற்கு ட்ரிப்ஸும் தொடர்ந்த கவனிப்பும் வேண்டும், தயிரும் பவுடரும் கொடுத்துப் பார்த்த ஒரு நாள்தான் பல குட்டிகளின் உயிரை எடுக்கிறது. மனிதர்களுக்கான பேதி நிறுத்தும் லோபெரமைட் மாத்திரையை எந்த நாய்க்கும் நீங்களாகக் கொடுக்காதீர்கள், கோலி இன நாய்களில் பலவற்றுக்கு அது மூளைக்குள் போய்விடும்.

உங்கள் பையனுக்கு நான் சொல்லும் வரிசை இது. இந்த வாரம் மூன்று மாதிரி மலம் கொடுத்துவிடுங்கள், ஜியார்டியா பரிசோதனையையும் கேளுங்கள். முடிவு வரும்வரை தயிர் நிறுத்தம், தோல் நீக்கி வேகவைத்த கோழியும் குழைந்த சோறும் மட்டும், இசப்கோல் ஒரு டீஸ்பூன் இரண்டு வேளை, மாத்திரை எதுவும் வேண்டாம். ஏதாவது தெரியவந்தால் அதற்கான மருந்து, ஜியார்டியா என்றால் மருந்து முடியும் நாளில் அவனைக் குளிப்பாட்டிப் பின்பக்க முடியைச் சுத்தம் செய்யுங்கள், படுக்கையைக் கொதிநீரில் அலசுங்கள், இல்லாவிட்டால் நக்கி நக்கித் திரும்ப வாங்கிக்கொள்வான். எதுவும் இல்லை என்றால் உணவுச் சோதனையைத் தொடங்குங்கள். பாசில்லஸ் கிளாசியோ பௌலார்டியோ இதனுடன் சேர்க்க ஆசைப்பட்டால், அளவை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, உணவு மாறி இரண்டு வாரம் ஆன பிறகு சேருங்கள், அப்போதுதான் எது உதவியது என்று உங்களுக்கே தெரியும். வேறு எதையும் மாற்றாமல் நாலு வாரம் கொடுத்தும் மலத்தில் மாற்றம் இல்லை என்றால் அதை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை பி12 பரிசோதனைக்கு வையுங்கள்.